அமால்ஃபிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

இத்தாலியின் தென்மேற்குக் கரையில், நேப்பிள்ஸுக்குத் தென்கிழக்கே, இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் இருக்கிறது அமால்ஃபி. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வசிக்கும் ஊர். கோடையில் உள்ளூர்க்காரர்களைவிட வெளியூர்க்காரர்கள்தான் தெருவில் அதிகம் தென்படுவார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் காலை பதினொரு மணிப் படகில் வந்து, பேராலயப் படிக்கட்டில் நின்று படம் பிடித்துக்கொண்டு, எலுமிச்சை ஐஸ் ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிப் படகில் கிளம்பிவிடுவார்கள். அழகான ஊர்தான், ஆனால் கூட்டமும் விலையும் தாங்கவில்லை என்று திரும்பிப் போய்ச் சொல்வதும் அவர்கள்தான்.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அமால்ஃபிக்குப் போனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகலில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே நடங்கள். பெயர் கடற்கரை ஊர் என்றாலும் சரக்கெல்லாம் பள்ளத்தாக்கின் பக்கம்தான் இருக்கிறது.

எப்போது போவது

மே மாதமும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையும் நல்ல காலம். கடல் குளிக்கிற பதத்தில் இருக்கும், படகுகள் ஓடும், வெயிலும் மண்டையைப் பிளக்காது. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலியர்களே மொத்தமாக விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள், அந்த வாரத்தில் அறை கிடைப்பதே பெரிய பாடு. குளிர்காலத்தில் படகுப் போக்குவரத்து ஏறக்குறைய நின்றுவிடும், பாதி விடுதிகள் பூட்டியிருக்கும். ஊரை ஊராகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அந்தக் காலமும் பிடிக்கலாம், முதல் தடவைக்கு வேண்டாம். திருவிழாவுக்கென்றே போவதானால் ஜூன் 27. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

போய்ச் சேருவது

அமால்ஃபிக்கு ரயில் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ரயில் செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டிப் பார்த்து முழிப்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் இறங்க வேண்டிய நிலையம் சலேர்னோ. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நேப்பிள்ஸிலிருந்து விரைவு ரயில் என்றால் முக்கால் மணி நேரத்துக்குள், சாதாரண ரயில் என்றால் கொஞ்சம் கூடுதல். 2024 ஜூலையிலிருந்து சலேர்னோவுக்கு அருகிலுள்ள சிறிய விமான நிலையத்திலும் பயணிகள் விமானம் இறங்குகிறது, ஆனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ரோமோ நேப்பிள்ஸோதான் வசதி.

சலேர்னோ ரயில் நிலையத்திலிருந்து கடல் பக்கமாக ஐந்து, பத்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. அங்கிருந்து அமால்ஃபிக்கு 35 நிமிடம். வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை படகு ஓடும், கடல் கொந்தளித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் படகில்தான் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். செங்குத்துப் பாறை, அதில் படிப்படியாக வெட்டிய எலுமிச்சைத் தோட்டம், அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள் என்று, இந்த ஊர் நூற்றாண்டுக் கணக்கில் ஏன் கடலையே சாலையாக வைத்துக்கொண்டது என்பது படகிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். கரையோரச் சாலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் முழுமையாகப் போடப்பட்டது. அதுவரை கோவேறு கழுதைப் பாதை, இல்லையென்றால் படகு.

படகு இல்லாத நாளில் பேருந்து. சலேர்னோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும், நெரிசல் நாளில் அதற்கு மேலும். கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். பயணச்சீட்டை ஏறுவதற்கு முன்பே தபாக்கி எனப்படும் புகையிலைக் கடையிலோ செயலியிலோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சலேர்னோவிலிருந்து வந்தால் இடது பக்க இருக்கை, மேற்கிலுள்ள சொரெந்தோ ஊரிலிருந்து வந்தால் வலது பக்க இருக்கை. கடல் அந்தப் பக்கம்தான்.

வாடகைக் கார் வேண்டாம். சாலை குறுகல், நிறுத்த இடமில்லை, நிறுத்தக் கிடைத்தாலும் மணிக்கணக்கில் காசு பிடுங்குவார்கள். போதாததற்குச் சில வருடங்களாகக் கோடை நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை, வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சாலையில் விடுகிறார்கள்.

அறையும் பெட்டியும்

அறை பதிவு செய்யும்போது படத்தைப் பார்க்காதீர்கள், படியைப் பாருங்கள். "கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்தால், அது நூறு படிக்கு மேலே இருக்கிறது என்று மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டியதுதான். விடுதிக்கு எழுதி, சதுக்கத்திலிருந்து எத்தனை படி, மின்தூக்கி உண்டா என்று கேட்டுவிடுங்கள், நேர்மையாகப் பதில் சொல்வார்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டியைவிட முதுகுப்பை மேல். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் சதுக்கத்தை ஒட்டியே அறை எடுங்கள், பணம் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் பக்கத்து ஊரான அத்ரானியில் பாருங்கள், பத்து நிமிட நடைதான். சலேர்னோவில் தங்கிப் படகில் வந்து போவது எல்லாவற்றையும்விட மலிவு, ஆனால் அப்புறம் இரவு அமால்ஃபி கிடைக்காது.

அறை வாடகை போக ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி தனியாக உண்டு. ஏமாற்று அல்ல, இத்தாலியின் சுற்றுலா ஊர்கள் பலவற்றில் இருக்கிற வழக்கம்தான்.

நடக்கும் முன் கொஞ்சம் சரித்திரம்

படகிலிருந்து இறங்கியதும் ஒரு சிலை வரவேற்கும். தலையில் முக்காடு, கையில் எதையோ வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். இவர் ஃப்ளாவியோ ஜோயா, திசைகாட்டியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஒரே சிக்கல், இப்படி ஒரு ஆள் இருந்ததற்கே ஆதாரமில்லை. ஃப்ளாவியோ பியோந்தோ என்ற 15ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர், திசைகாட்டியின் பயன்பாட்டை அமால்ஃபிக்காரர்கள் கண்டதாகச் சொல்வார்கள் என்று எழுதினார். 1511இல் இன்னொருவர் அதை எடுத்தாண்ட லத்தீன் வாக்கியத்தைப் பின்னால் வந்தவர்கள் தப்பாகப் பிரித்துப் படிக்க, "ஃப்ளாவியோ சொல்கிறார்" என்பது "ஃப்ளாவியோ கண்டுபிடித்தார்" ஆகிவிட்டது. ஜோயா என்ற பெயர் அதற்கும் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆள் கற்பனை என்றாலும் அடியில் உண்மை இருக்கிறது. மத்தியதரைக் கடலில் திசைகாட்டியைச் செம்மைப்படுத்திப் பரவலாக்கியதில் அமால்ஃபி மாலுமிகளுக்குப் பங்குண்டு என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். சிலையோடு படம் எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

இனி அசல் கதை. 6ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே இங்கே ஒரு ஆயர் இருந்தார், 596ஆம் ஆண்டு போப் கிரகோரியின் கடிதம் ஒன்று அவரைக் குறிப்பிடுகிறது. 838இல் தென் இத்தாலியை ஆண்ட லொம்பார்டு இனத்து இளவரசன் சிகார்டு ஊரைக் கைப்பற்றி மக்களைச் சலேர்னோவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். மறு வருடமே அவன் கொலையானான். அந்தக் குழப்பத்தில் அமால்ஃபிக்காரர்கள் சலேர்னோவைக் கொள்ளையடித்துவிட்டு ஊர் திரும்பி, இனி எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். 839 செப்டம்பர் 1 என்று அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அப்போதிருந்து இருநூறு, இருநூற்றைம்பது வருடம் இந்தச் சிறு இடுக்குதான் மத்தியதரைக் கடலின் பெரிய வணிக ஊர்களில் ஒன்று. வெனிஸ், ஜெனோவா, பிசாவோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்கு கடல் குடியரசுகளில் முதலில் தலையெடுத்ததும் இதுதான். இத்தாலியக் கடற்படைக் கொடியில் இன்றைக்கும் அந்த நான்கின் சின்னங்கள் இருக்கின்றன.

தொழில் எளிது. மரமும் இரும்பும் எகிப்துக்குப் போகும். அங்கே வந்து குவிந்திருக்கும் மலபார் மிளகு, வாசனைச் சரக்கு, அப்புறம் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) பட்டு, எல்லாம் இத்தாலிக்கு வரும். கான்ஸ்டான்டிநோபிள், கெய்ரோ, அந்தியோக்கியா என்று எங்கும் இவர்களுக்குக் குடியிருப்புகள் இருந்தன. 10ஆம் நூற்றாண்டில் வந்த அரபுப் பயணி இப்னு ஹவ்கல், லொம்பார்டு நாட்டிலேயே செழிப்பான நகரம் இது என்று எழுதினார். எருசலேமில் யாத்திரிகர்களுக்காக இவ்வூர் வணிகர்கள் 11ஆம் நூற்றாண்டில் நடத்திய மருத்துவ விடுதியிலிருந்துதான் பின்னாளில் மால்டா வீரத்துறவிகள் என்று பெயர்பெற்ற சபை வளர்ந்தது. ஊரெங்கும் காணும் எட்டுமுனைச் சிலுவை அந்தத் தொடர்பின் அடையாளம்.

இந்தச் செழிப்பு வீழ்ந்தது மூன்று பேரடிகளில். 1073இல் நார்மானியர்கள் பிடித்தார்கள். 1135இலும் 1137இலும் பிசாக்காரர்கள் வந்து சூறையாடினார்கள். 1343 நவம்பர் 25 அன்று பெரும் புயலும் ஆழிப்பேரலையும் சேர்ந்து கீழூரையே கடலுக்குள் இழுத்துக்கொண்டு போயின. ஸ்ட்ரோம்போலி எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்ததே அந்த அலைக்குக் காரணம் என்று அண்மைக்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய வணிக நகரத்தின் மிச்சம் ஏன் இத்தனை கொஞ்சமாக இருக்கிறது என்று தோன்றினால் பதில் இதுதான். பாதி நகரம் நீங்கள் படகில் வந்த தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

எஞ்சியதில் முக்கியமானது கடற்கரைச் சாலையை ஒட்டிய அர்செனாலே, அதாவது குடியரசின் கப்பல் கட்டும் கூடம். நூற்றுக்கும் மேற்பட்ட துடுப்புகள் கொண்ட போர்ப்படகுகளை இங்கே கட்டினார்கள். கல் தூண்களும் கூர்வளைவுகளுமாக இரண்டு நீண்ட கூடங்கள், கடல் பக்கமிருந்த பாதி போய்விட்டது. உள்ளே சின்ன அருங்காட்சியகம். அமால்ஃபி அட்டவணை என்ற பழைய கடற்சட்டத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள். புயலில் சரக்கைக் கடலில் தள்ள நேர்ந்தால் நஷ்டத்தை யார் யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்த அதன் கைப்பிரதி 1929இல்தான் ஊர் திரும்பியது. அரை மணி நேரம் போதும்.

பேராலயம்

மரீனா வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் சதுக்கம். நடுவில் 1760ஆம் ஆண்டுக் குழாய்மேடை, மேலே எக்ஸ் வடிவச் சிலுவையோடு புனித அந்திரேயா. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். எதிரே 62 படிகள், அதன் உச்சியில் பேராலயம்.

இந்த முகப்பைப் பார்த்து எல்லோரும் ஆயிரம் வருடப் பழசு என்று நினைக்கிறார்கள். கறுப்பு வெள்ளைக் கோடும் பின்னல் வளைவுமாக அப்படித்தான் தெரிகிறது. 1861இல் பழைய முகப்பு இடிந்து விழ, 1891இல் கட்டி முடித்தது இது. அசல் பழசு என்றால் பக்கத்தில் நிற்கும் மணிக்கூண்டைப் பாருங்கள். 1180இல் தொடங்கி 1276இல் முடிந்தது. உச்சியில் மஞ்சளும் பச்சையுமாக ஓடு பதித்த வளைவுகள், அரபுக் கையின் சாயல் அப்பட்டமாகத் தெரியும்.

அதைவிடப் பழசு கதவு. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு நேரே உள்ளே ஓடிவிடாமல் இந்த வெண்கலக் கதவின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1060ஐ ஒட்டி கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்தது. செலவு செய்தவர் பந்தலெயோனே என்ற அமால்ஃபி வணிகர், செய்தவர் சிரியாவைச் சேர்ந்த சிமியோன் என்று கதவிலேயே எழுதியிருக்கிறது. நடுவில் நான்கு பலகைகளில் கிறிஸ்து, மாதா, அந்திரேயா, பேதுரு. உருவங்களைக் கோடுகளாக வெட்டி, அந்தக் கோட்டுக்குள் வெள்ளியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். ரோமப் பேரரசுக்குப் பிறகு இத்தாலிக்கு வந்த முதல் வெண்கலக் கதவு இதுதான். மோந்தே காசினோ மடத்தின் தலைவர் வந்து பார்த்து மயங்கி, தன் மடத்துக்கும் அதேபோல ஒன்று செய்ய ஆள் அனுப்பினார்.

கட்டணச்சீட்டு சில யூரோதான், வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகலாம். முதலில் சொர்க்க முற்றம். 1266 முதல் 1268 வரை ஊர்ப் பிரபுக்களின் கல்லறைத் தோட்டமாகக் கட்டியது, இரட்டை இரட்டையாக மெல்லிய தூண்கள், மேலே ஒன்றோடொன்று பின்னிய வளைவுகள். அடுத்தது பழைய சிலுவைநாதர் ஆலயம், இப்போது அருங்காட்சியகம். ஆயிரக்கணக்கான சிறு முத்துக்கள் கோத்த ஆயர் தொப்பி ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது, அதைத் தவற விடாதீர்கள். அப்புறம் படியிறங்கினால் நிலவறை.

நிலவறையில்தான் திருத்தூதர் அந்திரேயாவின் திருப்பண்டங்கள் இருக்கின்றன. சிலுவைப் போர் வீரர்கள் 1204இல் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியபோது போப்பின் தூதராகப் போயிருந்தவர் கர்தினால் பியெத்ரோ கபுவானோ, இவ்வூர்க்காரர். 1208 மே 8 அன்று எலும்புகளைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கொண்டுவந்தார் என்பது உள்ளூர்ச் சொல், கான்ஸ்டான்டிநோபிள்காரர்கள் வேறு சொல் வைத்திருப்பார்கள். கல்லறை மேல் மிக்கேலாஞ்ஜெலோ நக்கெரினோ செய்த வெண்கலச் சுரூபம். திருநாள்களுக்கு முந்தின நாள் கல்லறையில் வைத்திருக்கும் கண்ணாடிக் குப்பியில் ஒரு திரவம் சேருவதாக நம்புகிறார்கள், அதற்கு மன்னா என்று பெயர். குப்பியில் மன்னா கண்டதும் கோயில் முழுக்கப் பரவும் சலசலப்பைக் கேட்க நம்பிக்கை உள்ளவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கையில் ஒரு துப்பட்டா இருந்தால் போதும், சமாளித்துவிடலாம். ஜெபிக்க மட்டும் போகிறவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் வழிபாட்டு நேரத்தில் கட்டணமில்லை.

பள்ளத்தாக்கின் பக்கம்

இனி சதுக்கத்திலிருந்து கடலுக்கு முதுகு காட்டித் திரும்புங்கள். நேரே மேலேறும் ஒரே பெரிய தெரு. நீங்கள் நடப்பது தெரு அல்ல, கன்னெத்தோ ஆற்றின் மூடி. இடைக்காலத்திலேயே ஆற்றைக் கல்லால் மூடித் தெருவாக்கிவிட்டார்கள். பீங்கான் கடை, லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மதுக் கடை, மறுபடி பீங்கான் கடை என்று சலிக்கத் தொடங்கும்போது, பக்கவாட்டில் கூரை மூடிய சந்துகள் பிரிவதைக் கவனியுங்கள். அதில் ஒன்று பழைய வணிகர் தெரு. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, குகை போல வளைந்து போகும். வெளியே 35 டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே சில்லென்று இருக்கும். உள்ளூர்க்காரர்கள் சந்தைப் பையோடு அதற்குள்தான் போய் வருகிறார்கள்.

தெரு மேலேற ஏறக் கடைகள் குறையும், தண்ணீர்ச் சத்தம் கேட்கத் தொடங்கும். கால் மணி நேர நடையில் காகித அருங்காட்சியகம். அமால்ஃபியில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் காசு கொடுப்பேன் என்றால் இங்கே கொடுங்கள்.

துணியிலிருந்து காகிதம் செய்யும் வித்தையை அரபுகளோடு வியாபாரம் செய்த இவர்கள் அவர்களிடமே கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் அந்தக் காலத்துக்கு இது சந்தேகத்துக்குரிய பொருள். 1231இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக், அரசாங்கப் பத்திரங்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கு நெடுக ஆலைகள் பெருகின. 13ஆம் நூற்றாண்டு ஆலை ஒன்றை அதன் உரிமையாளர் நிக்கோலா மிலானோ 1969இல் அருங்காட்சியகமாக்கக் கொடுத்தார். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

உள்ளே ஈரமும் கல்லும் கலந்த வாசனை. வழிகாட்டி மதகைத் திறந்து தண்ணீரை விட்டதும் சக்கரம் சுழன்று, கனமான மரச் சம்மட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்து கல்தொட்டியில் விழும். சம்மட்டியின் அடியில் இரும்பு ஆணிகள். முதல் தொட்டியில் பெரிய ஆணி, கந்தையைக் கிழிக்க. அடுத்ததில் சிறியது, நாராக்க. அதற்கும் அடுத்ததில் இன்னும் நுண்மை. பருத்தி, லினன் கந்தைதான் மூலப்பொருள், மரக்கூழ் கிடையாது. பால் போலக் கலங்கிய கூழில் பித்தளைக் கம்பி வலைச் சட்டத்தை அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் தண்ணீர் வடிந்து நார் வலைமேல் படியும். சட்டத்தைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்துத் தூக்கினால் ஈரக் காகிதம் துணியில் ஒட்டிக்கொள்ளும். அதை அழுத்தி, காயப் போட்டு, மை ஊறாமலிருக்க ஜெலட்டின் பூசினால் முடிந்தது. கேட்டால் உங்களையும் ஒரு தாள் எடுக்கவிடுவார்கள். பார்க்கச் சுலபமாகத் தெரியும், எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் வரும். கடையில் தாள் வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வலையில் தைத்த கம்பியின் உருவம் நீர்க்குறியாகத் தெரியும்.

1954 வெள்ளத்தில் பெரும்பாலான ஆலைகள் அடித்துக்கொண்டு போயின. மேலே நடந்தால் கூரை விழுந்து கொடி படர்ந்த ஆலைகளை வரிசையாகப் பார்க்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் பழைய இரும்பு உலைகளின் இடிபாடு, அப்புறம் அருவிகளும் பாதுகாக்கப்பட்ட காடும். பனியுகத்துக்கு முந்திய காலத்து எச்சமான ஒரு பெரிய பெரணி அங்கே வளர்கிறது. காலணி நல்லதாக இருந்தால் மட்டும் போங்கள்.

அத்ரானி

மாலை ஐந்து மணிக்குப் படகுக் கூட்டம் குறையத் தொடங்கும்போது கிழக்கே நடங்கள். சுரங்கப் பாதை வழியாகப் போனால் பத்து நிமிடம் கூட ஆகாது, கோட்டைக் கோபுரத்தைச் சுற்றிச் சாலை வழியே போனால் காட்சி அழகு, வண்டிகள் பயம். அத்ரானியின் பரப்பு 0.12 சதுர கிலோமீட்டர். இத்தாலியிலேயே மிகச் சிறிய ஊராட்சி. சாலைப் பாலத்தின் வளைவுக்கு அடியில் நுழைந்தால் நான்கு பக்கமும் வீடுகள் சூழ்ந்த சதுக்கம், பையன்கள் பந்து உதைப்பார்கள், மாடியிலிருந்து அம்மாக்கள் கத்துவார்கள். சதுக்கத்தை ஒட்டிய சான் சால்வத்தோரே கோயிலில்தான் அமால்ஃபி கோமகன்களுக்குப் பட்டம் சூட்டுவது வழக்கம். இங்கேயும் தெருவுக்கு அடியில் ஆறுதான். 2010 செப்டம்பரில் அது பொங்கி ஊரையே புரட்டிப் போட்டது.

ஜூலை 22 இங்கே மகதலா மரியாள் திருநாள். அன்றைக்கு நீளச் சுரைக்காயைக் குடைந்து இறைச்சி அடைத்துச் சமைப்பார்கள், சார்க்கியபோனே என்று பெயர்.

சாப்பாடு

ஊரின் எலுமிச்சைக்குப் பெயர் ஸ்ஃபுசாத்தோ. இரு முனையும் கூர்ந்து நீளமாக இருக்கும், விதை குறைவு, தோல் தடிமன். 2001இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்லடுக்கிய வரப்புகளில், செஸ்ட்நட் கம்புப் பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள். அந்தப் பழங்களைப் பெண்கள் முதுகில் சுமந்து நூற்றுக்கணக்கான படி இறங்கிக் கரைக்குக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. லிமோன்செல்லோவை எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்வது பச்சையாகச் சாப்பிட. வெள்ளைத் தோலோடு சேர்த்து மெல்லியதாக நறுக்கி உப்புத் தூவிக் கொடுத்தால் கசப்பே இருக்காது. எலுமிச்சை இலையில் பொதிந்து சுட்ட பாலாடைக்கட்டியும் கிடைக்கும்.

பாஸ்தாவில் இவ்வூர் வகை ஷலத்தியெல்லி, குட்டையாகத் தடிமனாக இருக்கும். 1978இல் அமால்ஃபி சமையல்காரர் என்ரிக்கோ கொசெந்தினோ உருவாக்கியது, பாட்டி காலத்துப் பண்டம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கடல் உணவோடு வரும், தக்காளி துளசியோடும் கேட்கலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி உண்டு. பக்கத்து ஊரான செதாராவில் நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் மரத் தொட்டியில் ஊற வைத்து வடிக்கும் கொலத்தூரா என்ற சாறு. பார்க்க வெறும் பூண்டும் எண்ணெயும் போட்ட ஸ்பெகெட்டி மாதிரி வரும், மீன் துண்டு எதுவும் கண்ணில் படாது. ஆகவே முன்கூட்டியே "சென்ட்சா கார்னே, சென்ட்சா பெஷ்ஷே" என்று சொல்லிவிடுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று அர்த்தம். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மீன் கணக்கில் வராது. மீன் சாப்பிடுகிறவர்கள் தைரியமாகக் கொலத்தூராவைக் கேளுங்கள், கருவாட்டு வாசம் பழகிய நாக்குக்கு நிச்சயம் பிடிக்கும். ஆகஸ்டில் போனால் கத்தரிக்காயைப் பொரித்துச் சாக்லேட் ஊற்றித் தருவார்கள். ஒரு தடவை ருசி பார்க்கலாம்.

காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, சதுக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் இரண்டு மூன்று மடங்கு. உணவகச் சீட்டில் கொபெர்த்தோ என்று ஆளுக்கு ஒரு தொகை வரும், ரொட்டிக்கும் மேசைக்குமானது. அதற்கு மேல் டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

திருவிழாக்கள்

1544 ஜூன் 27 அன்று துருக்கியக் கடற்படைத் தளபதி பார்பரோசாவின் கப்பல்கள் ஊரைத் தாக்க வந்தன. திடீரென்று எழுந்த புயல் கப்பல்களைச் சிதறடித்தது, அந்திரேயா காப்பாற்றினார் என்று ஊரே நம்பியது. நவம்பர் 30 அவருடைய வழக்கமான திருநாள். வெளியூர்க்காரர்களுக்கு ஜூன் 27தான் தோது. மாலையில் சுரூபம் பவனியாகக் கிளம்பி, கடற்கரைக்குப் போய், கடலையும் படகுகளையும் ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பும். படிக்கட்டின் அடியில் வந்ததும் பவனி நிற்கும். சுமப்பவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்த சதுக்கம் அடங்கிவிடும். பிறகு ஒரே மூச்சில், அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு 62 படிகளையும் ஓடியே ஏறுவார்கள். நடுவில் தடுமாறாமல் ஏறினால் வருடம் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. மேலே சேர்ந்ததும் கைதட்டலில் காது அடைக்கும், இரவில் கடல்மேல் வாணவேடிக்கை. இடம் பிடிக்க இரண்டு மணி நேரம் முன்பே போங்கள், படிக்கட்டுக்கு நேரே நிற்காமல் குழாய்மேடைப் பக்கம் நின்றால் முழுதும் தெரியும்.

பெரிய வெள்ளி இரவும் தனி அனுபவம். விளக்குகளை அணைத்துவிட்டு, தீப்பந்த வெளிச்சத்தில், வெள்ளை அங்கி போட்டு முகம் மூடியவர்கள் பாடிக்கொண்டே இறந்த கிறிஸ்துவின் சுரூபத்தைக் கொண்டுபோவார்கள். அங்கே காமராவை உள்ளே வைத்துவிடுங்கள். ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் பைசாந்தியப் (கான்ஸ்டான்டிநோபிள் பேரரசின்) புத்தாண்டு, பழங்கால உடையில் ஊர்வலம். அண்மைக்காலத்தில் மீட்டெடுத்த விழா, நாடகத்தனம் கொஞ்சம் அதிகம்தான். கடல் குடியரசுகளின் படகுப் போட்டி 1956 முதல் நடக்கிறது, நான்கு ஊர்களிலும் மாறி மாறி வரும். அமால்ஃபியின் முறை எந்த வருடம் என்று பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

இரண்டாம் நாள் இருந்தால்

கடற்கரை சிறியது, மணல் அல்ல, கூழாங்கல். பெரும்பகுதி வாடகைக் குடைக்காரர்கள் வசம், ஓரத்தில் இலவசப் பகுதி உண்டு. ரப்பர் செருப்போடு இறங்குங்கள். மரகதக் குகை என்ற கடற்குகை 1932இல் ஒரு மீனவர் கண்டுபிடித்தது, தண்ணீர் பச்சையாக ஒளிரும், வெளிச்சமான நாளில் மட்டும் போங்கள்.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரவெல்லோ. அமால்ஃபி வணிகர்கள் சம்பாதித்ததை மலைமேல் மாளிகையாகக் கட்டிய ஊர். வில்லா ருஃபோலோவின் தோட்டத்தை 1880இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் பார்த்துத் தன் இசைநாடகத்தின் மாயத் தோட்டம் இதுதான் என்றார், 1953 முதல் கோடையில் அங்கே இசைவிழா நடக்கிறது. பேருந்து அமால்ஃபி படகுத்துறைப் பக்கமிருந்தே கிளம்பும், அரை மணி நேரம். காலை முதல் பேருந்தைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும். திரும்பும்போது படி வழியாக அத்ரானிக்கு நடந்தே இறங்கிவிடலாம், ஒரு மணி நேரம், எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இந்த இறக்கம்தான் பாடுபடுத்தும், திரும்பவும் பேருந்திலேயே வந்துவிடுங்கள்.